பனையறைக்கோணத்து லெவல் கிராஸ்

ஒரு கல்யாணம் நிச்சயமானால் சொந்தபந்தங்களுக்கு அடுத்தபடியாக விஷயம் தெரிவது எனக்குத்தான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். சோறு வடிக்கிற வார்ப்பு, பாயசத்து உருளி, அண்டா, வாளி, கரண்டி எல்லாம் என்னிடம் உண்டு. என் வீட்டுக்காரர் சொரிமுத்து ஆரம்பித்த கடை இது. அவர் மஞ்சள்காமாலையில் போனபோது, பொம்பளையால் இதைக் கட்டி மேய்க்க முடியுமா என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது தங்கள் வீட்டு விசேஷத்துக்கு என் கடை வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். உலகம்மாள் வாய்க்குப் பயந்தே ஒரு கரண்டி குறையாமல் திரும்பி வரும் என்று பஜாரில் கேலி பேசுவார்கள். பேசட்டும், கரண்டி வந்தால் சரி.

வேன் ஓட்டுவது என் தம்பி லிங்கம். எங்கள் அம்மாவுக்கு நான் மூத்தவள், அவன் கடைக்குட்டி. களக்காட்டில் என் இடுப்பிலேயே வளர்ந்தவன். நான் வாழ்க்கைப்பட்டுத் திருவனந்தபுரம் வந்த கொஞ்ச வருஷத்தில் அவனும் அக்கா வீடு என்று வந்து ஒட்டிக்கொண்டான். நல்ல சிரித்த முகம். யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் நடுச்சாமத்தில் எழுப்பினாலும் வண்டியை எடுப்பான். என் மகள் விஜயத்தை அவனுக்கே கொடுப்பதென்று அவள் சடங்கான அன்றே எங்கள் பக்கத்தில் பேசி முடித்தாயிற்று. விஜயம் மலையாளப் பள்ளியில் படித்தவள். 'சொந்தம் அம்மாவனையா கல்யாணம் பண்ணப் போற?' என்று, தாய்மாமனைக் கட்டுகிற வழக்கமில்லாத மலையாளத்துச் சிநேகிதிகள் மூக்கில் விரலை வைத்தார்களாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு மாமன் என்றால் உயிர். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தோம்.

வேனில் பாத்திரம் ஏற்றி இறக்க தாசையன் இருந்தான். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரன், என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே எங்களோடு இருப்பவன். பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டி நசுங்காமல் பின்னால் அவற்றோடு உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வருவதும் அவன் வேலைதான்.

தெற்கே நாகர்கோவிலுக்கு ரயில் விட்ட மறுவருஷம் நடந்தது இது. அதுவரை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரயில் என்றால் தம்பானூர் ஸ்டேஷனில் போய்ப் பார்க்கிற சாமான். திடீரென்று தங்கள் மரச்சீனிக்கிழங்கு போட்ட விளைக்கு நடுவில் தண்டவாளம் வந்து படுத்துக்கொண்டதும், அதை என்ன செய்வதென்றே அவர்களுக்குத் தெரியவில்லை. துணி காயப்போட்டவர்கள்கூட உண்டு. பனையறைக்கோணம் என்ற இடத்தில் எங்கள் வேன் போகிற ரோடு அந்தத் தண்டவாளத்தைத் தாண்டிப் போகும். கேட்டும் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. 'நிறுத்து, இறங்கிப் பார், பிறகு போ' என்ற அர்த்தத்தில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஒரு பலகை மட்டும் உண்டு. டிரைவர் நிறுத்தவேண்டும், வண்டியில் இருக்கிற இன்னொருவர் இறங்கித் தண்டவாளம் வரைக்கும் நடந்து போய் இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும், அவர் கையைக் காட்டின பிறகுதான் வண்டி நகரவேண்டும் என்பது சட்டமாம். அப்படி இறங்கிப் பார்த்த ஒரு டிரைவரையோ கிளீனரையோ நான் கண்டதில்லை.

அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் அல்ல. தண்டவாளம் உயரமான கரைமேல் போகிறது. ரோடு இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கவேண்டும். அந்த ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்திவிட்டால் மறுபடி எடுப்பதற்குள் வண்டி பின்னால் உருளும், கிளட்ச் புகையும். அதனால் எல்லோரும் தூரத்திலிருந்தே ஓட்டம் கொடுத்து ஏற்றிவிடுவார்கள்.

இன்னொரு காரணம் மாடன் தம்புரான். ரயில் வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு பனைமரத்தடியில் கல்லாக நின்றவர் அவர். அந்த வழியாகப் போகிற வண்டிக்காரர்கள், மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே, அவர் பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்துத் தொழுதுவிட்டுத்தான் போவார்கள். பாதை போட வந்தவர்கள் பூஜை எல்லாம் போட்டு அவரை எடுத்துத் தண்டவாளத்தை ஒட்டின மேட்டில் வைத்துவிட்டார்கள். நாங்கள் போகும்போது வலது கைப்பக்கம் வருவார், திரும்பும்போது இடது கைப்பக்கம். எப்படி வந்தாலும் சரி, வண்டியின் முன்சக்கரம் தண்டவாளத்தில் ஏறுகிற அதே நேரத்தில் டிரைவரின் கண் தம்புரான்மேல் இருக்கும். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை நெஞ்சில். மறுபக்கம் என்ன வருகிறதென்று பார்க்க மூன்றாவது கண்தான் வேண்டும்.

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று நினைக்கவேண்டாம். எங்கள் குலதெய்வமே சுடலைமாடன்தான். முதல் தடவை லிங்கத்தோடும் விஜயத்தோடும் அந்த வழியில் போனபோதே அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏல, தம்புரானைக் கும்பிடணும்னா கீழயே வண்டிய நிறுத்தி, இறங்கி, நல்லா விழுந்து கும்பிடேன். அப்பிடியே ரயிலு வருதான்னும் பாத்துட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சிரும்லா?" என்றேன்.

"அக்கா, நீ பாத்திரத்த எண்ணு. வண்டிய நான் பாத்துக்கிடுதேன். ஏத்தத்துல நிறுத்துனா என்ன பாடுன்னு உனக்கு மனசிலாகாது. போக, இந்த நேரத்துல வண்டி கிடையாது. வர்ற வண்டி எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"நேரம் தப்பி வந்தா?"

"தம்புரான் பாத்துக்கிடுவாரு" என்று சிரித்தான். விஜயமும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஓட்டுகிறவனிடம் எவ்வளவுதான் சொல்வது?

வைகாசிக் கடைசியில் பனையறைக்கோணத்துக்கு அந்தப்புறம் ஒரு பெரிய கல்யாணம். பந்தி எல்லாம் முடிந்து, பாத்திரங்களைத் தேய்த்து, நான் எண்ணி ஏற்றி முடிக்கும்போது சாயங்கால வெயில் சாய ஆரம்பித்திருந்தது. விஜயமும் சாப்பாட்டுக்காக வந்திருந்தாள். சாப்பாட்டைச் சாக்கு வைத்து மாமனோடு ஒரு சவாரி, வேறென்ன. வேனின் பின்கதவுக் கொக்கி ஒடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. பாத்திரம் ரோட்டில் விழாமல் இருக்க, தாசையன் உள்ளே ஏறி உட்கார்ந்தபிறகு வெளியிலிருந்து கயிறு போட்டு நான் இறுக்கிக் கட்டுவேன். அன்றும் நான்தான் கட்டினேன். முன்னால் லிங்கம் ஓட்ட, நடுவில் விஜயம், இடது கதவோரத்தில் நான்.

பாத்திரம் ஏற்றின வேனில் போயிருந்தால்தான் அந்தச் சத்தம் தெரியும். பின்னால் அத்தனை செம்பும் பித்தளையும் மோதுகிறபோது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. எஞ்சின் டிரைவர் கூவிக்கூவி வந்தாராம். எங்களுக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேட்கவில்லை.

கரை ஏற லிங்கம் ஓட்டம் கொடுத்தான். வழக்கம்போல இடது பக்கம் திரும்பி நெஞ்சில் கைவைத்தான். நான் இடது பக்கம் இருந்ததால் அவன் முகம் முழுசாக எனக்குத் தெரிந்தது. கண் பாதி மூடி, உதடு அசைந்துகொண்டிருந்தது. அந்த முகத்துக்குப் பின்னால், அவனுடைய ஜன்னல் முழுக்கக் கறுப்பாக ஒரு ரயில் எஞ்சின்.

"ஏல, ரயிலு!" என்று நான் அலறினேன். அவன் திரும்பினான், ஆக்சிலேட்டரை மிதித்தான். முன்பாதி தாண்டிவிட்டது. பின்பாதியில் அடி விழுந்தது. வேன் ஒரு சுற்றுச் சுற்றி மரச்சீனி விளைக்குள் போய் விழுந்தது. வார்ப்பும் அண்டாவும் கரையிலிருந்து உருண்டு வருகிற சத்தம் கொஞ்ச நேரம் ஓயவே இல்லை.

ஜல்லி ஏற்றிப் போகிற இரண்டு பெட்டியோடு வந்த எஞ்சின் அது. லிங்கத்தின் மனப்பாடத்தில் இல்லாத வண்டி. என் நெற்றியில் ரத்தம் வழிந்தது. விஜயத்துக்குக் கையில் சிராய்ப்பு. லிங்கத்துக்கு ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து தாசையன் கத்திக்கொண்டிருந்தான். பனை ஏறுகிற ஆள் ஒருவர் ஓடிவந்து இடுப்பு அரிவாளால் கயிற்றை அறுத்துக் கதவைத் திறந்தார். பெரிய வார்ப்பு ஒன்று தாசையனின் இடது காலை நசுக்கிக்கொண்டு கிடந்தது.

எஞ்சின் டிரைவர் மதுரைக்காரர், என் வயசுதான் இருக்கும். தள்ளிப்போய் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். லிங்கத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"உனக்கு ஸ்டியரிங் இருக்குய்யா, பிரேக் மிதிச்சா நிக்குற வண்டி இருக்கு. எனக்கு என்னய்யா இருக்கு? கண்ண மூடிக்கிட்டுக் கூவுறதத் தவிர நான் என்னய்யா செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கூட அப்படி அழமாட்டார்.

தாசையனை ஒரு ஜீப்பில் ஏற்றி அனுப்பினபிறகு போலீஸ் ஏட்டு வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "வண்டி நிர்த்தியோ? ஆரு இறங்கி நோக்கியது?" என்பதுதான்.

"நிறுத்தினேன் சாரே. தாசையன் இறங்கிப் பாத்துட்டு, ஒண்ணும் வரல, போலாம்னான். அதுக்கப்புறந்தான் எடுத்தேன்" என்றான் லிங்கம். நெஞ்சில் வைத்த அதே கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

ஏட்டு விஜயத்தைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்தபடி, "ஞான் உறங்கிப் போயிருந்நு" என்றாள். மலையாளத்தில் சொன்னாள். மோதுகிற நேரத்தில் என் தொடையில் அவள் நகம் பதிந்த இடம் எனக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்பதற்குள் நெற்றியில் தையல் போடவேண்டும் என்று அழைத்துப் போய்விட்டார்கள். என் வாக்குமூலத்தை ஆறின பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று ஏட்டு சொன்னாராம்.

மறுநாள் சாலை பஜாரில் லிங்கம்தான் பேச்சு. மிதித்தான் பார், அங்கே பிரேக் போட்டிருந்தால் மூன்று உயிரும் போயிருக்கும் என்று ஜவுளிக்கடைக்காரர் முதல் கொப்பரைக்கடைக்காரர் வரை கடைக்குக் கடை புகழ்ந்தார்கள். பலசரக்கு மண்டிக்காரர் அவனுக்கு மாலையே வாங்கிப் போட்டார். தாசையன் பெயர் வந்தால் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்கள். 'கண்ணைப் பொத்திக்கொண்டா இறங்கிப் பார்த்தான்?' என்று எகத்தாளம் வேறு. அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லிங்கம் நின்றான். அவன் கூச்சப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் சிரித்தான்.

தையல் பிரித்த அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாசையனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி ஓமனா வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணீரும் கம்பலையுமாக இருப்பாள் என்று நினைத்துப் போனேன். அவள் கோபத்தில் இருந்தாள்.

"அக்கச்சி, நீங்க மாப்பு தரணும். இந்த மனுஷன் நாலு பேரக் கொல்லப் பாத்தாரே! இறங்கி நோக்குற ஆளுக்குக் கண்ணு வேண்டாமா? ரயில்னா என்ன எறும்பா, தெரியாம வர? சர்ச்சுல வச்சு ஆளுக கேக்குது. பிள்ளைகள ஸ்கூல்ல, உன் அப்பன் குருடனான்னு கேக்குது. காலு போன சங்கடத்தக் காட்டிலும் எனக்கு அதாக்கும் சங்கடம்."

"அவன் இறங்கிப் பாத்தான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவரே சொன்னாரு. போலீசுக்கும் அப்பிடித்தான் எழுதிக் கொடுத்தாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போய் ஓமனாவைக் கஞ்சி வாங்க அனுப்பிவிட்டுத் தாசையனின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தாசையா, பின்னால கயிறு போட்டுக் கட்டுனது நான். நீ எப்பிடில இறங்கினே?"

"லிங்கம் அண்ணன் வந்து, இந்தக் கட்டில் கம்பியப் பிடிச்சிட்டு ஒரே அழுகை அக்கச்சி. ஜெயிலுக்குப் போனா கல்யாணம் நின்னுபோகும், விஜயம் பிள்ள நெஞ்சு வெடிச்சுச் செத்துப்போகும்னாரு. அது பொறந்தப்போ நான் தூக்கி நடந்த பிள்ள அல்லே? என் காலு எப்பிடியானாலும் போச்சு. இனி பேரு நின்னா என்ன, போனா என்ன?"

"ஓமனா உன்ன ஏசுதாளே?"

"அதுமட்டும் கொஞ்சம் பிரயாசம்தான்" என்றான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என் தம்பிக்குப் பதிலாக இவனைப் பெற்றிருக்கக்கூடாதா எங்கள் அம்மா என்று அந்த நேரத்தில் தோன்றியது. பெற்ற தாயை நினைத்து அப்படித் தோன்றியதற்காக நான் வெட்கப்படவில்லை.

வீட்டுக்கு வந்து லிங்கத்தைக் கடையின் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். நசுங்கின பாத்திரங்களை அங்கேதான் குவித்திருந்தோம்.

"ஏல, நீ பாக்காமப் போனது தப்பு. அத நான் பொறுத்துக்கிடுவேன். தப்பு யாருக்கும் வரும். அதத் தூக்கி அந்தக் கால் போனவன் தலையில கட்டினியே, அது எந்த ஊரு நியாயம்?"

அவன் கோபப்படவே இல்லை. எனக்குப் புத்தி சொல்கிற தோரணையில் பேசினான். "அக்கா, கொஞ்சம் நிதானமா யோசி. நான் தப்புன்னு ஒத்துக்கிட்டா மட்டும் அவனுக்குக் காலு முளைக்குமா? அவனுக்கு லைசென்சு போகப் போகுதா, கல்யாணம் நிக்கப் போகுதா? நான் உள்ள போனா நம்ம குடும்பமே நடுத்தெருவுல நிக்கும். அவன நம்ம கைவிட்ருவமா? ஆயுசுக்கும் வச்சுச் சோறு போடுவோம்."

"அவன் பிள்ளைகள குருடன் மவனேன்னு கூப்பிடுதாங்க."

"நாலு நாள் கூப்பிடுவான், அப்புறம் மறந்துருவான்."

"நாளைக்கு விஜயம் உன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது இடிச்சா, அவ பேசிட்டு வந்தா அதான் இடிச்சேன்னு சொல்லுவியோ?"

அவன் என்னைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பேச்சா அக்கா?" என்று சொல்லி எழுந்து போய்விட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

விஜயம் கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அம்மா, நீ ஸ்டேஷனுக்குப் போகப் போறியா?"

"நீயும் எங்கூட வா. நீ பாத்தத நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். மாமா பயந்து பேடிச்சுப் போய்ச் சொல்லிட்டாரு. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் பேடிக்கத்தான் செய்வா. நீ வாயத் தொறந்தேன்னா இந்தக் கல்யாணம் இல்ல. அது நின்னுபோச்சுன்னா அப்புறம் எனக்கு நீ அம்மாவும் இல்ல."

எனக்கு ஒரே பிள்ளை அவள். அவளுக்காகத்தான் இந்தப் பாத்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று நூறு தடவை நினைத்தேன். தாசையனே ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு என்ன வந்தது? ஆனால் கண்ணை மூடினால் எஞ்சின் வரவில்லை. அந்த மாலையைப் போட்டுக்கொண்டு லிங்கம் சிரித்த சிரிப்புத்தான் வந்தது. இவனோடு என் பிள்ளை எத்தனை வருஷம் ஒரே வண்டியில் போகவேண்டும்! தப்புப் பண்ணினால் மாலை கிடைக்கும், பழி அடுத்தவனுக்குப் போகும் என்று ஒருதடவை ருசி கண்டவன் அடுத்த தடவை எதற்காக வண்டியை நிறுத்துவான்?

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். நான் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்த ஏட்டு எழுதினார். வண்டி நிற்கவில்லை. யாரும் இறங்கவில்லை. தாசையன் நினைத்தாலும் இறங்கியிருக்க முடியாது, கயிறு வெளியே இருந்தது, அதை அரிவாளால் அறுத்ததை ஊரே பார்த்தது. லிங்கம் இடது பக்கம் திரும்பித் தம்புரானைத் தொழுதுகொண்டிருந்தான்.

"அப்போ ஒரு மனுஷனை உள்ளே வெச்சு நீங்களாணோ கெட்டியது?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"ஆமா சாரே. நான்தான் கட்டினேன். அதையும் எழுதிக்கிடுங்க."

அவர் ஏட்டின் கையிலிருந்து பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஈ லிங்கம் நிங்ஙளுடெ அனியன் அல்லே? மகளுக்கு அயாளுமாயிட்டல்லே கல்யாணம்?"

"தம்பிதான். கல்யாணம் இனி நடக்காதுன்னு நினைக்கேன்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே லிங்கத்தைக் கூட்டிப்போனார்கள், மூன்றாம் நாள் ஜாமீனில் வந்தான். என் வீட்டுக்கு வரவில்லை. நேரே களக்காட்டுக்குப் போய்ச் சித்தப்பா வீட்டில் இருந்துகொண்டான். சாலை பஜாரில் ஒருவர் பாக்கியில்லாமல் என்னை ஏசினார்கள். உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தவள், மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டவள் என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கும் வாய் இருக்கிறது, நானும் திருப்பிக் கொடுத்தேன். ஓமனா மட்டும் ஒருநாள் கடைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். தாசையனை மரக்காலோடு கடையில் உட்காரவைத்து, பாத்திரம் கொடுத்து வாங்குகிற வேலையை அவனிடமே ஒப்படைத்தேன்.

விஜயம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தண்ணீர் வேண்டுமென்றாலும் தானே எடுத்துக் குடிப்பாள். ஆடி முடிந்த மறுநாள் காலையில் அவள் பெட்டியைக் காணவில்லை. களக்காட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள், பிள்ளை இங்கேதான் இருக்கிறாள், முன்னால் குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடக்கும், நீ வரவேண்டாம் என்று.

நான் போகவில்லை. கல்யாணத்தன்று கடையைத் திறந்து வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் யார் வீட்டுப் பந்திக்கோ என் வார்ப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. என் மகள் கல்யாணத்துக்கு யாருடைய வார்ப்பை எடுத்தார்களோ தெரியவில்லை. பாயசத்துக்கு உருளி போதுமா, பத்தாமல் போயிருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது பாழாய்ப்போன மனசு. தாசையன் என் பக்கமே திரும்பாமல் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாலைந்து நாள் கழித்துத் தளவாய் வந்தார். அவர் கோட்டாற்றுச் சமையல்காரர், என்னிடம் நெடுநாளாகப் பாத்திரம் எடுக்கிறவர். விஜயத்தின் கல்யாணத்துக்குச் சமைத்தது அவர்தான் என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நின்றார்.

"சும்மா சொல்லும், ஓய். நல்லபடியா நடந்துதா?"

"நடந்துது அக்கா. பிள்ள சிரிச்ச முகமாத்தான் இருந்தா. லிங்கம் இந்த மாடன் தம்புரானுக்குத் தேங்கா உடைக்கதா நேந்திருந்தான் போல. மறுநாள் ஒரு வேன் பிடிச்சு ரெண்டு பேரும் கிளம்பினாங்க. லிங்கம்தான் ஓட்டினான். எனக்கும் இங்கிட்டு வர வேண்டியிருந்துது, நானும் ஏறிக்கிட்டேன்."

வழக்கு முடிகிற வரைக்கும் லைசென்ஸ் அவன் கையில்தான் இருந்தது.

"பனையறைக்கோணத்து வழியாவா போனீங்க?"

"அதே வழிதான்."

"வண்டிய நிறுத்தினானா?"

"அவனா நிறுத்தல அக்கா. ஏத்தத்துக்கு ஓட்டம் குடுக்கப் போனான். விஜயம், நிறுத்துன்னா. அவன் சிரிச்சான். அவ ஓடுற வண்டியிலயே கதவத் தொறந்துட்டா. அப்புறம் நிறுத்தாம என்ன செய்வான்? கட்டியிருந்த பட்டுச்சேலைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சிக்கிட்டு, அந்த ஜல்லி மேல ஏறிப்போயி நடுத் தண்டவாளத்துல நின்னா. அந்தப் பக்கம் பாத்தா, இந்தப் பக்கம் பாத்தா. இவன் ஹாரன் மேல ஹாரன் அடிக்கான். அவ திரும்பவே இல்ல. காதுல கைய வச்சு எதையோ கேட்டுக்கிட்டே நின்னா. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வரலாம்னு கையக் காட்டினா."

தாசையன் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன். என் பிள்ளை செத்துப்போக மாட்டாள் என்று ஒரு நிம்மதி வந்தது. அவள் அன்று உறங்கியிருக்கவில்லை, எல்லாவற்றையும் பார்த்துத்தான் இருந்திருக்கிறாள், பார்த்தும் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். இனி அவன் ஓட்டுகிற வண்டியில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அவள்தான் கதவைத் திறந்து இறங்கவேண்டும், பிள்ளை பெற்றால் அதையும் இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கவேண்டும். அதை நினைத்ததும் நசுங்கின பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதேன்.